நீச்சல் குளமும் நீராவி எஞ்சினும்

ரயில்வே அனுபவம் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நம் சங்க மலரின் ஆசிரியர் கேட்டு மூன்று மாதமாகிறது. பேனாவை எடுத்து உட்கார்ந்தால் மனம் என்னவோ என் மாப்பிள்ளை வீட்டு நீச்சல் குளத்தையே சுற்றிச் சுற்றி வருகிறது. "இவர் என்ன, ஓய்வு பெற்றதும் பெரிய மனிதராகிவிட்டாரா?" என்று அன்பர்கள் நினைக்க வேண்டாம். குளம் என்னுடையது அல்ல. ஆனால் அந்தக் குளத்துக்கு நான் செய்த ஒரு தவறும், அதைத் திருத்த எனக்குக் கை கொடுத்த பழைய ஸ்டீம் ஷெட் பாடமும் சொல்லத் தக்கவை. இன்று ஹைதராபாத், செகந்திராபாத்தில் புதிதாக எழும்பும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில் குளம் இருக்கிறது. அசோசியேஷன் கூட்டத்தில் குளத்தைப் பற்றிய சண்டையும் இருக்கிறது. குளமே இல்லாதவர்கள் வீட்டிலும் ஏர் கூலர் இருக்கும். அவர்களுக்கும் இதில் கொஞ்சம் விஷயம் உண்டு.

மாப்பிள்ளை 2021-ல் ஷாமீர்பேட்டையைத் தாண்டி வீடு கட்டினார். பின்புறம் ஒரு சிறிய குளம். நீளம் 8 மீட்டர், அகலம் 4 மீட்டர். ஆழம் ஒரு பக்கம் 1 மீட்டர், மறுபக்கம் 1.6 மீட்டர். சராசரி 1.3 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் கொள்ளளவு 41,600 லிட்டர். முதலில் திரவக் குளோரின் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தினமும் கேனைத் தூக்கி ஊற்ற வேண்டும், துணியில் பட்டால் வெளுத்துவிடும், நாற்றம் வேறு. 2022 மார்ச்சில் நான்தான், "மாப்பிள்ளை, எதுக்கு இந்த அவஸ்தை? மாத்திரை வந்திருக்கே, வாரத்துக்கு ரெண்டு போட்டா போதும்" என்று யோசனை சொன்னேன். சொன்னதோடு நிற்காமல், சோதனைப் பெட்டி ஒன்றும் வாங்கி, போகும்போதெல்லாம் குளோரின் அளவு பார்த்துச் சொல்லும் உத்தியோகத்தையும் ஏற்றுக்கொண்டேன். எப்போது பார்த்தாலும் 3 பி.பி.எம். இருக்கும். அதாவது லிட்டருக்கு 3 மில்லிகிராம். எனக்குப் பரம திருப்தி.

2023 ஏப்ரலில் பேத்திக்குக் காது வலி. ஒன்பது வயதுக் குழந்தை இரவெல்லாம் தூங்காமல் அழுதது. டாக்டர் பார்த்துவிட்டு வெளிக் காதில் தொற்று என்றார். "நீந்துகிற குழந்தையா? தண்ணீரில் குளோரின் பார்க்கிறீர்களா?" என்று கேட்டார். நான் பெருமையாக, "3 பி.பி.எம். இருக்கு டாக்டர்" என்றேன். அந்தத் தண்ணீர்தான் காரணம் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் வீடு திரும்பி, குளத்துப் படிக்கட்டின் மூலையைத் தடவிப் பார்த்தபோது கை வழுக்கியது. பச்சைப் பாசி. குளோரின் 3 இருக்கிற தண்ணீரில் பாசி எப்படி வரும்? அன்று இரவு எனக்கும் தூக்கமில்லை.

விஷயம் இதுதான். தண்ணீரில் கிருமியைக் கொல்லுவது ஹைப்போகுளோரஸ் அமிலம் என்னும் வடிவில் இருக்கும் குளோரின். அதற்கு ஒரு பலவீனம், வெயில் ஆகாது. திறந்த குளத்தில் நண்பகல் வெயிலில் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி அழிந்துபோகும். அதற்குக் குடை பிடிக்கச் சேர்ப்பதுதான் சயனூரிக் அமிலம். இது குளோரினைத் தளர்வாகப் பிடித்து வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது கொஞ்சம் கொஞ்சமாக விடும். 30 முதல் 50 பி.பி.எம். இருந்தால் நல்லது. ஆனால் அளவு மீறினால் பிடியும் இறுகிவிடும். ஒரு கணக்கு உண்டு. சயனூரிக் அமிலம் எவ்வளவோ அதில் ஏறத்தாழ 7.5 சதவீதம் குளோரின் இருந்தால்தான் பாசி அண்டாது. 40 இருந்தால் 3 போதும். 160 இருந்தால் 12 வேண்டும். சோதனைப் பெட்டி காட்டும் 3 பொய்யல்ல. வண்டி பிளாட்பாரத்தில் நிற்கிறது, லைன் க்ளியர் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தச் சயனூரிக் அமிலத்தை யார் கொண்டுவந்து கொட்டினார்கள்? நான் சிபாரிசு செய்த மாத்திரைதான். அதன் முழுப் பெயர் ட்ரைகுளோரோ ஐசோசயனூரிக் அமிலம். பெயரிலேயே எழுதியிருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. 200 கிராம் மாத்திரை ஒன்று கரைந்தால் பாதிக்கு மேல், சுமார் 110 கிராம், சயனூரிக் அமிலமாகத் தண்ணீரில் தங்கிவிடுகிறது. 41,600 லிட்டரில் அது 2.6 பி.பி.எம். வாரத்துக்கு இரண்டு மாத்திரை வீதம் ஓராண்டுக்கு மேல் போட்டிருக்கிறோம். குளோரின் வேலை செய்து தீர்ந்துபோகும். இது தீராது, ஆவியாகாது, ஃபில்டரிலும் நிற்காது. பேக்வாஷ் செய்யும்போதும் மழையில் வழியும்போதும் போவதுதான் போக்கு.

மறுநாளே இதற்கான சோதனை மருந்தை வாங்கினேன். குளத்துத் தண்ணீரோடு மருந்தைச் சம அளவு கலந்தால் பால் போலக் கலங்கும். அடியில் கறுப்புப் புள்ளி வைத்த கண்ணாடிக் குழாயில் அதை ஊற்றிக்கொண்டே வரவேண்டும். புள்ளி எந்தக் கோட்டில் கண்ணுக்கு மறைகிறதோ அதுதான் அளவு. குழாயில் 100 வரைதான் கோடு. எங்கள் தண்ணீர் அதையும் தாண்டிக் கலங்கியது. பாதிக்குப் பாதி நல்ல தண்ணீர் கலந்து மறுபடி பார்த்தேன். 80. இரண்டால் பெருக்கினால் 160.

இப்போது ரயில்வேக்கு வருகிறேன். மெக்கானிகல் டிப்ளமோ முடித்து, 1980-களின் தொடக்கத்தில் நான் முதலில் வேலை பார்த்தது ஒரு ஸ்டீம் லோகோ ஷெட்டில். அங்கே ஃபோர்மேன் ஒருவர் புதிதாக வருகிற பயல்களையெல்லாம் பாய்லர் முன்னால் நிறுத்தி ஒரே கேள்வி கேட்பார்: "நீராவி புகைபோக்கி வழியா போயிடுது. அதில இருந்த உப்பு எங்கடா போச்சு?" எங்கேயும் போகாது என்பதுதான் பதில். பாய்லருக்குள் போகிற ஒவ்வொரு லிட்டர் தண்ணீரும் தன் உப்பை உள்ளேயே விட்டுவிட்டு ஆவியாகிறது. ஏறிக்கொண்டே போனால் தண்ணீர் நுரைத்துக்கொண்டு நீராவியோடு சிலிண்டருக்குள் பாயும். பிரைமிங் என்போம். கேஜ் கிளாஸில் உண்மையான மட்டம் தெரியாமல் டிரைவர் தவித்துப்போவார். மருந்து போட்டு இதைச் சரி செய்ய முடியாது. ப்ளோ டவுன் காக்கைத் திறந்து உப்பேறிய தண்ணீரில் ஒரு பங்கை வெளியே தள்ளிவிட்டு, புதுத் தண்ணீர் விடுவதுதான் வழி. குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை எஞ்சினைக் குளிரவைத்து முழு வாஷவுட்.

வீட்டில் ஏர் கூலர் வைத்திருப்பவர்கள் மே மாதம் அதன் வைக்கோல் தட்டியைப் பார்த்திருப்பார்கள். வெள்ளை வெளேரென்று உப்புப் பொரிந்திருக்கும். அதுவும் இதே கதைதான். வாரம் ஒருமுறை தொட்டித் தண்ணீரைக் கீழே விட்டுப் புதிதாக நிரப்புகிறவர்களுக்குத் தட்டி இன்னொரு வருடம் வரும்.

குளமும் நெருப்பில்லாத பாய்லர்தான். நம் தெலங்காணாக் கோடையில் ஒரு நாளைக்கு 7 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்தால், 32 சதுர மீட்டர் பரப்பில் 224 லிட்டர். நூறு நாளில் 22,400 லிட்டர், குளத்தில் பாதிக்கு மேல். அவ்வளவையும் போர் தண்ணீர் கொண்டு ஈடுகட்டினால்? எங்கள் போர் தண்ணீரின் கடினத்தன்மை 500 பி.பி.எம். ஒரே கோடையில் குளத்தில் 270 ஏறிவிடும். அளந்து பார்த்தேன், 750 இருந்தது. 200 முதல் 400 வரை இருக்க வேண்டியது. டைல்ஸ் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று ஒரு கோடு படிந்திருந்ததற்கு அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. அதை ஆசிட் போட்டுத் தேய்க்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டாவது முட்டாள்தனம்.

ஆக, நோய் இரண்டு, மருந்து ஒன்று. பழைய தண்ணீரில் ஒரு பங்கை வெளியேற்ற வேண்டும். எவ்வளவு, எப்போது, எங்கே என்பதில்தான் வீட்டில் மகாநாடு கூடியது.

குளம் சுத்தம் செய்ய வரும் பையன், எல்லாவற்றையும் காலி செய்து தேய்த்துக் கழுவிப் புதிதாக நிரப்பலாம் என்றான். காலியாக விட்டால் ஆபத்தில்லையா என்றால், "ஏம் காது சார்" என்றான். தெலுங்கில் ஒன்றும் ஆகாது என்று பொருள். நம் ஊரில் எந்த விபத்துக்கும் முன்னால் யாராவது ஒருவர் சொல்லும் வாசகம் இது. மாப்பிள்ளையோ, "மாமா, பிள்ளைங்க லீவு முடியட்டும். ஆகஸ்ட்ல காலி பண்ணிடலாம்" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஏனென்றால் காலிக் குளம் என்பது மண்ணுக்குள் புதைத்த படகு. மழைக்காலத்தில் சுற்றிலும் உள்ள மண்ணில் தண்ணீர் ஏறி நிற்கும். கணக்குப் போட்டு மாப்பிள்ளைக்குக் காட்டினேன். தரையும் சுவரும் 20 சென்டிமீட்டர் கான்கிரீட் என்றால் காலித் தொட்டியின் எடை சுமார் 34 டன். அடித்தளத்தின் வெளிப்பரப்பு 37 சதுர மீட்டர். நிலத்தடி நீர் அதன் அடிமட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நின்றால் மேல்நோக்கித் தள்ளும் விசை 37 டன். தொட்டி தோற்றுவிடும். முழுதாக மிதந்து வராவிட்டாலும் தரை விரியும், குழாய் இணைப்புகள் முறியும். 2020 அக்டோபரில் ஹைதராபாத்தில் வெள்ளம் வந்ததே, அப்போது எனக்குத் தெரிந்தவர் ஒருவர் வீட்டில் காலியாகக் கிடந்த ஃபைபர் சம்ப் மண்ணைப் பிளந்துகொண்டு வாசலில் வந்து உட்கார்ந்தது. குளத்தில் பாதித் தண்ணீர் விட்டுவைத்தால் அதுவே 21 டன் பாரம். தொட்டியின் எடையோடு சேர்ந்து 55 டன். ஆகவே காலி செய்வதில்லை, பாதிதான் என்று முடிவாயிற்று. அதுவும் நிலத்தடி நீர் மிகவும் இறங்கியிருக்கும் மே மாதக் கடைசியில்.

பையனிடம் இன்னொரு யோசனையும் இருந்தது. ஒரு பக்கம் ஹோஸ் போட்டு நிரப்பிக்கொண்டே மறுபக்கம் வழியவிடலாம், சுலபம் என்றான். சுலபம்தான், ஆனால் ஊதாரித்தனம். விடுகிற புதுத் தண்ணீரிலும் ஒரு பகுதி பழையதோடு கலந்து உடனே வெளியே போய்விடுகிறது. சயனூரிக் அமிலத்தை 160-லிருந்து 50-க்குக் கொண்டுவர, முதலில் இறக்கிவிட்டுப் பிறகு நிரப்பினால் 28,600 லிட்டர் போதும். வழியவிட்டால் 48,000 லிட்டருக்கு மேல் ஆகும். தண்ணீர் விலைக்கு வாங்கும் ஊரில் இந்த வித்தியாசம் சின்னது அல்ல.

விலையைவிட எனக்கு இன்னொன்று உறுத்தியது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி மே மாதம் டேங்கர் வந்தால் பெண்கள் பிளாஸ்டிக் குடத்தோடு வரிசையில் நிற்பார்கள். அந்தத் தெருச் சாக்கடையில் நம் குளத்துத் தண்ணீரை இருபதாயிரம் லிட்டர் திறந்துவிட்டு, அடுத்த நாள் அதே டேங்கரை நம் வாசலில் நிறுத்துவதா? மாப்பிள்ளைக்கும் மனம் ஒப்பவில்லை.

கடைசியில் செய்தது இது. மே 20-ஆம் தேதி வாக்கில் மருந்து போடுவதை நிறுத்தினோம். குழந்தைகளுக்குக் குளம் மூடல். பேத்தி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. லீவு நேரமாயிற்றே. குளோரின் 1 பி.பி.எம்.முக்குக் கீழே இறங்கியதும், தினம் மாலையில் சிறிய பம்ப்பால் 2,000 லிட்டர் எடுத்து மதிலோரத் தென்னைக்கும் காகிதப்பூச் செடிகளுக்கும் பாய்ச்சினோம். இரண்டும் உப்பைத் தாங்கும் ஜாதி. கறிவேப்பிலை, ரோஜா பக்கம் போகவில்லை. அந்தப் பத்து நாளும் தோட்டத்துக்குப் போர் மோட்டாரை ஓட்டவே இல்லை. அந்த அளவில் தண்ணீர் வீணாகவில்லை. 65 சென்டிமீட்டர் இறங்கியதும் நிறுத்தினோம். வெயிலில் சுவர் காய்ந்து டைல்ஸ் பெயராமலிருக்க, ஓலைப் பாய் கட்டி நிழல் கொடுத்தோம்.

அவசரமாகத் தண்ணீரை வெளியேற்ற வேண்டியவர்கள் சோடியம் தயோசல்பேட் கொண்டு குளோரினை முறிக்கலாம். பழைய போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் ஹைப்போ என்பார்களே, அதுதான். ஆனால் ஜாக்கிரதை. குளம் சுத்தம் செய்கிறவர்கள் திரவக் குளோரினைத்தான் ஹைப்போ என்கிறார்கள். பெயர் ஒன்று, வேலை நேர்மாறு. கடையில் முழுப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

பாதிக் குளத்தை அப்படியே போட்டுவைத்தால் கொசு வளரும். ஃபில்டர் ஓட வேண்டும். மட்டம் இறங்கியபின் ஓரத்திலுள்ள ஸ்கிம்மர் காற்றைத்தான் இழுக்கும், பம்ப் காய்ந்து சீல் கருகிவிடும். ஸ்கிம்மர் வால்வை மூடி, அடி வடிகாலிலிருந்து மட்டும் இழுக்க வைத்தோம். அப்படி இழுக்கும்போது யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. வடிகால் மூடி உடைந்திருந்தால் தலைமுடியைப் பிடித்து இழுத்து ஆளையே அடியில் வைத்துவிடும் விசை அதற்கு உண்டு. தண்ணீரில் இறக்கும் பம்ப்புக்கு 30 மில்லி ஆம்பியரில் அறுந்துவிடும் கசிவுப் பாதுகாப்பு ஸ்விட்ச் கட்டாயம். இதில் சிக்கனம் பார்ப்பவரோடு நான் வாதாடுவதே இல்லை, மெயினை அணைத்துவிடுவேன்.

நிரப்புவதற்கு மொட்டை மாடி. 150 சதுர மீட்டர் மாடியில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் 7,500 லிட்டர். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, சேதாரம் போக ஆறாயிரமாவது சேரும். மழைத் தண்ணீரில் சயனூரிக் அமிலமும் கிடையாது, கடினத்தன்மையும் கிடையாது என்றே சொல்லலாம். போர் தண்ணீரால் நிரப்பியிருந்தால் ஒரு நோய் தீர்ந்து மற்றது பாதி தங்கியிருக்கும். சல்லடை வைத்த குழாய் ஒன்றை மாடியிலிருந்து குளத்துக்கு இழுத்துவிட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்தோம்.

2023-ல் பருவமழையும் எங்களைச் சோதித்தது. தெலங்காணாவுக்கு வரவே ஜூன் மூன்றாவது வாரம் தாண்டிவிட்டது. பையன் தினமும் வந்து பாதிக் குளத்தைப் பார்த்துச் சிரிப்பான். டேங்கர் சொல்லிவிடலாமா என்று மாப்பிள்ளையே ஒருநாள் தடுமாறினார். ஜூலையில் கொட்டித் தீர்த்தது. மாதக் கடைசியில் குளம் நிரம்பி, அதன்பின் பெய்ததெல்லாம் ஓவர்ஃப்ளோ குழாயில் வழிந்தது. வழியவிடுவது ஊதாரித்தனம் என்று மேலே எழுதினேன். வானம் இலவசமாகக் கொடுக்கும்போது அது பொருந்தாது. 80-க்கு வந்திருந்த சயனூரிக் அமிலத்தை அந்த வழிதல்தான் மேலும் கரைத்தது.

மருந்து அறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த வீட்டில் மாத்திரை டப்பாவும் ப்ளீச்சிங் பவுடர் மூட்டையும் ஒரே அலமாரியில் இருந்தன. மாத்திரை அள்ளிய அதே கரண்டியால் பவுடரையும் அள்ளியிருக்கிறார்கள். இரண்டும் குளோரின்தானே என்று தோன்றும். இவை ஒன்றோடொன்று கலந்து, சற்று ஈரமும் பட்டால் தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். எந்தக் குளோரின் மருந்தோடும் ஆசிட் சேர்ந்தால் நச்சு வாயு. தனித்தனி அலமாரி, தனித்தனி கரண்டி போட்டுக் கொடுத்தேன். மருந்தைத் தண்ணீரில் போட வேண்டும், மருந்தின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது.

இப்போது திரவக் குளோரினுக்கே திரும்பிவிட்டோம். அது விட்டுச்செல்வது வெறும் சோற்றுப்பு. வெயில் தாழ்ந்தபின் ஊற்றுகிறார்கள். வெப்பத்தில் வீரியம் குறைந்துவிடுமாகையால் சின்னக் கேன்களாக வாங்குகிறோம். வீட்டார் ஊருக்குப் போகும் நாட்களுக்கு மட்டும் மாத்திரை.

செப்டம்பரில் மறுபடி சோதனை. குழாயைப் பேத்தி பிடித்துக்கொண்டாள், நான் ஊற்றினேன். "தெரியுது தாத்தா... இன்னும் தெரியுது... கொஞ்சம்தான் தெரியுது... போச்சு!" 50. கடினத்தன்மை 250-ஐ ஒட்டி இருந்தது. பழைய பாய்லர் வாஷவுட் ரிஜிஸ்டர் மாதிரி கோடு போட்டு ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, குளோரின், பி.எச்., கடினத்தன்மை, சயனூரிக் அமிலம், கையெழுத்து. அன்றையப் பக்கத்தில் கையெழுத்து அவளுடையது. ஆசிரியர் கேட்ட ரயில்வே கட்டுரையை அடுத்த மலருக்குத் தருகிறேன்.